சிவப்புக் காரும் ஏழரைச் சனியும்

கேமரன் மலையில் மழை விட்டால் மூடுபனி. மூடுபனி விட்டால் மழை. துவைத்துப் போட்ட காலுறை காய்வதற்குள் அதைத் துவைத்த காரணமே மறந்துபோகும். இந்த ஈரத்தில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகக் குந்தி, ஆபீசில் துரைக்குச் 'சரிங்க', வீட்டில் என் சம்சாரம் பவளத்துக்குச் 'சரிம்மா' என்றே காலத்தைத் தள்ளியவன் நான். எண்பத்து நாலாம் வருஷம் ஒரு மழைநாளில் முடிவெடுத்தேன். சாவதற்குள் ஒரு காரியமாவது என் இஷ்டப்படி நடக்கவேண்டும்.

ஈப்போவில் ஒரு கார் பார்த்து வைத்திருந்தேன். சின்னது, சிவப்பு, ரெண்டே கதவு. மிதித்தால் சீறும். மலையடிவாரத் தாப்பாவுக்குப் போகும் இறக்கத்தில், பக்கத்தில் யாரும் "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்காமல், வளைவுக்கு வளைவு நானே ஒடித்துத் திருப்பவேண்டும். வேறு ஆசையே எனக்குக் கிடையாது ஐயா.

பவளம் அதன் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அதே காசுக்கு நாலு கதவு கெடைக்குதே. இதுல ஏன் ரெண்டு?"

"பின்னாடியும் ஒண்ணு இருக்குலா. மேல தூக்கித் தொறக்கலாம்."

"எங்கம்மாவ அது வழியாவா ஏத்துவீங்க?"

அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை. என் மாமியார் மணியம்மா தாப்பாவில் இருக்கிறார். கனத்த சரீரம், மடங்காத முட்டி. ரெண்டு கதவு வண்டியின் பின்சீட்டில் அவரை ஏற்ற எமனாலும் முடியாது. அதுதான் அந்த வண்டியின் விசேஷமே.

"பெரிய வண்டி எடுங்க. அம்மா வந்து போக வசதி" என்று பவளம் முடித்துவிட்டாள்.

விடுவேனா? தோட்டத்துக் கோயில் பூசாரி ஆண்டியப்பனுக்கு, துரை குடிக்கிற ரகத் தேயிலையில் ஒரு டின் கொடுத்தேன். மறுநாளே வீட்டுக்கு வந்தார். ஜாதகத்தைப் புரட்டினார். முகத்தைத் தொங்கப்போட்டார்.

"கிராணியாருக்கு ஏழரைச் சனிம்மா. பெரிய வண்டி ஆகாது. சின்னதா, செவப்பா, ரெண்டு கதவு இருந்தா உசுருக்குச் சேதமில்ல."

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே! "இப்பதான் ஆரம்பிச்சிருக்காம், பவளம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பவளம் ஒரு நீலக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஊசியைக் கீழே வைத்தாள்.

"உங்க உசுரவிட எனக்கு என்னாங்க பெருசு? செவப்பே எடுங்க. ஆனா சனி புடிச்ச ஆளு பேருல வேணாம். எம் பேருல எழுதிடுவோம்."

பேர் யாருடையதாக இருந்தால் என்ன, ஓட்டப்போவது நான். சரிம்மா என்றேன்.

கார் வந்தது. கோயில் வாசலில் பூசை. எதிரே நிற்கும் ஆள் தெரியாத பனி. மாமியாரும் பஸ் பிடித்து வந்துவிட்டார். தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"நில்லுங்க கிராணியாரே!" ஆண்டியப்பன். "சனி நடக்குறவரு ஸ்டியரிங்கத் தொடலாமா? பழத்து மேல வண்டிய ஏத்தவேண்டியது ஒடமக்காரிதான்."

முறைத்தேன். மனுஷன் கோபுரத்தைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். அவர் மேலே நீலக் கம்பளிச் சட்டை. அளவெடுத்துப் பின்னியதுபோல் இருந்தது.

"அவளுக்கு ஓட்டத் தெரியாதேயா!"

பவளம் கைப்பையிலிருந்து லைசென்சை எடுத்தாள். "அம்மாவப் பாக்க வாரா வாரம் போனேன்லங்க? டிரைவிங் ஸ்கூலு அங்க எதுத்த வீடுதான்."

எனக்குச் சனியே இல்லை, எல்லாம் பொய் என்று கத்தியிருக்கலாம். தோட்டமே கூடி நிற்கிறது. அந்தச் சனியை டின் கொடுத்து வரவழைத்தவனும் நான்தான். விழுங்கிக்கொண்டேன். அழுகை வந்தது, அதையும் விழுங்கினேன்.

"அம்மா முன்னாடி உக்காரட்டும். நீங்கதான் ஒல்லி" என்றாள்.

முன்சீட்டை மடக்கி, தவழ்ந்து உள்ளே போனேன். முழங்கால் மோவாயில் இடித்தது. மடியில் மாமியாருக்கான முட்டைக்கோஸ் மூட்டை. திறக்க முடியாத கண்ணாடிக்கு வெளியே என் மலை வெள்ளையாய்க் கிடந்தது. பழங்கள் நசுங்கின. வண்டி சீறியது. நான் ஏங்கிய அதே சீறல்.

தாப்பா இறக்கத்தில் வளைவுக்கு வளைவு ஒடித்தாள். பொல்லாதவள், நன்றாகவே ஓட்டினாள். நான் முட்டைக்கோஸ் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா, பவளம், மெதுவா" என்றேன்.

மாமியாரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "பாவம் மாப்பிள்ளை. இந்தச் சனி எப்பத்தான்டி விடும்?"

பவளம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"இப்பதாம்மா ஆரம்பிச்சிருக்கு."