முட்டை ஹாஜியாரின் ஊசி

கண்டிப் பட்டணத்திலேயே எங்கள் முட்டை ஹாஜியாரைப் போல அதிகம் மன்னிக்கப்பட்ட மனிதர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். நான் சமையல் செய்த மாணவிகள் விடுதிக்குத் திகனயிலிருந்து பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்து முட்டை கொடுப்பவர். மக்காவுக்குப் போய்வந்தவரைத்தான் ஹாஜியார் என்பார்கள். இவர் போகப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரை வாங்கிவிட்டார்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். இவர் வருடா வருடம் குசினி வாசலில் வந்து நிற்பார்.

“தங்கச்சி, அழுகின முட்டை ஏதும் தந்திருந்தா மாப்பு செய்ங்க.”

“போன வருசமே செஞ்சாச்சுங்களே.”

“அது பழைய முட்டைக்கு. இது இந்த வருசத்து முட்டைக்கு.”

மன்னித்து அனுப்புவோம். ஒரு வருடம் ஊரடங்கு வந்து குறுக்கே நிற்கும். இன்னொரு வருடம் மனைவிக்குச் சுகமில்லாமல் போகும். அடுத்த கிழமையே கூடையோடு வந்து, “தந்த மாப்பத் திருப்பி எடுத்துராதீங்க” என்பார்.

கடைசியில் ஒரு வருடம் எல்லாம் கூடிவந்தது. மூளைக்காய்ச்சல் ஊசி ஒன்றுதான் பாக்கி. அது போடாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம்.

அதே ஊசிக்குத்தான் எங்கள் விடுதி வசந்தியும் அலைந்துகொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோன அவளுடைய அண்ணன் திரும்பி வரவில்லை. இவளையும் கூட்டிப்போய் விசாரித்து விட்டிருந்தார்கள். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. ஆனால் ஊசி போடாமல் வந்தால் சேர்க்க மாட்டோம் என்றது. எந்த மருந்துக்கடையிலும் அது கிடைக்கவில்லை.

“அது எங்கட ஹஜ்ஜுப் பயணிகளுக்குப் போடுற ஊசிதானே. வாங்க மகள்” என்று ஹாஜியார் தம்முடைய டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் துணைக்குப் போனேன்.

டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றுதான் மிச்சம். அடுத்தது வருவதற்குள் ஹாஜியாரின் கூட்டமும் புறப்பட்டுவிடும், வசந்தியின் விமானமும் போய்விடும்.

“இந்தப் புள்ளைக்குப் போடுங்க டொக்டர்” என்றார் ஹாஜியார்.

“வேண்டாம் ஹாஜியார். எத்தினை வருசமாக் காத்துக்கொண்டிருக்கிறியள்” என்றாள் வசந்தி.

“போகாம ஈக்க எனக்கு நல்லாப் பழக்கம் மகள். நீங்க அதப் பழகவாணாம்.”

அவள் அழுதுகொண்டே கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டவர் ஹாஜியார்தான்.

வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “ஊட்டுல கேட்டா, ஊசிக்குப் பயந்து ஓடிவந்துட்டன்னு செல்றன். நீங்க ஒண்டும் செல்லிராதீங்க தங்கச்சி.”

அப்படியே சொன்னார். திகன முழுக்கச் சிரித்தது. சின்னப் பிள்ளைகள்கூட ஊசி குத்துவதுபோல விரலைக் காட்டி அவரை ஓட்டின. அவரும் ஓடிக் காட்டினார்.

வசந்தி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள். அந்த மழைக்காலத்திலேயே ஹாஜியாருக்கு நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார்.

மௌத்து வீட்டில் அவருடைய மனைவி, “ஒரு ஊசிக்குப் பயந்து போகாமலே போய்ட்டாரே” என்று அழுதார். சுற்றியிருந்த பெண்களும் ஆமோதித்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தே அறியாதவள் நான். அன்றைக்கு எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“அவரு பயப்படலைங்க.”