பர்மனென்ட்டு கேட்ட யோசனை

சூரியன் முதல் சுண்டெலி வரை உலகத்தில் உள்ள அத்தனையையும் இரண்டே பெட்டிக்குள் அடைத்துக் காட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சித்தூரில் நான் வேலை பார்த்த மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் குளிர்பதன அறைக்கு மெக்கானிக். அவருக்குப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அதை யாரும் பயன்படுத்தவில்லை. எங்களுக்கு அவர் ‘பர்மனென்ட்டு’.

முதல் பெட்டி பர்மனென்ட்டு, இரண்டாவது காண்ட்ராக்டு.

“சூரியன் பர்மனென்ட்டு சார். நிலா காண்ட்ராக்டு. பாதி மாசம் வேல செய்யும், பாதி மாசம் காணாம பூடும்” என்பார். மாமியார் பர்மனென்ட்டு. கரண்ட் காண்ட்ராக்டு. தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, “இங்க இருந்த முடியும் காண்ட்ராக்டுதான். ஒரு வார்த்த சொல்லிக்காம நின்னுடுச்சி” என்பார்.

வேலை நிரந்தரமான ஆணையை லேமினேட் செய்து, சாமி அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்தவர் அவர். ஒருமுறை கோயிலில் அர்ச்சகர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டிருக்கிறார். முதல் இரண்டையும் சொன்னவர், மூன்றாவதற்கு ஒரு கணம் விழித்துவிட்டு, “பர்மனென்ட்டு சாமி” என்று சொல்லிவிட்டார். கூட்டத்தின் அவசரத்தில் அர்ச்சகர் அதையும் மந்திரத்தில் சேர்த்துக் கற்பூரம் காட்டிவிட்டார். “சாமியே ஒத்துக்கிச்சி!” என்று மறுநாள் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலையில் மன்னன். கம்ப்ரஸர் மேல் காதை வைத்துத் தெலுங்கில் குசலம் விசாரிப்பார். கேட்காவிட்டால் தமிழில் திட்டுவார். அது உடனே ஓடும். நான் அங்கே பணியாளர் அதிகாரி. எம்.ஏ. படித்தவன். ஓடாத இயந்திரத்தைப் பார்த்தால் கோப்பு எழுத மட்டும் எனக்குத் தெரியும்.

இவர் புகழ் திருப்பதி வரை போனது. ஓட்டல்காரர்கள் விடுமுறை நாட்களில் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு ஓட்டல் பார்த்தால் எங்கள் சம்பளத்தில் பாதி கிடைத்தது. உலகத்தில் காண்ட்ராக்டு என்ற பெட்டியிலும் ஏதோ இருக்கிறது என்று அவர் முதல்முறையாக எட்டிப் பார்த்தார்.

அதே நேரத்தில் திருச்சானூரில் ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, வாசலில் ஒரு குழாய். அவர் மனைவி அங்கே கோயில் பக்கத்து வளையல் கடையில் வேலை பார்த்தார். சித்தூரிலிருந்து தினமும் போக வர நாலு மணி நேரம் பஸ். அந்த வீடு கிடைத்தால் அந்த அம்மா கடைக்கு நடந்தே போய்விடலாம்.

ஒரு நாள் பர்மனென்ட்டு என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“சார், ஒரே ஒரு யோசன. வேலய வுட்டுட்டு வூடு வாங்கறதா, வூடு வாங்கிட்டு வேலய வுடறதா?”

எனக்கு விடை தெரியும். வங்கிக்காரன் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பான். வீடுதான் முதலில். இதைச் சொல்ல எம்.ஏ. கூட வேண்டாம்.

ஆனால் அந்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. நிரந்தரத் தொழிலாளர்களில் மூன்று பேரைக் குறைக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் எனக்குப் பணி நீட்டிப்பு. இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் தானாகவே வந்து என் எதிரில் நின்றார்.

“மொதல்ல வேலைய விடுப்பா. வீடு எங்க போயிடப் போகுது?” என்றேன். ராஜினாமா எழுதப் பேப்பரும் நானே கொடுத்தேன். பேனாவும் என்னுடையதுதான்.

இரண்டு மாதம் கழித்து வங்கிக்குக் கிளம்பினார். “நீயும் வா சார். படிச்ச ஆளு பக்கத்துல இருந்தா கெத்தா இருக்கும்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடன் பிரிவில் இருந்த அம்மாள் கடற்கரை ஆந்திராவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. பர்மனென்ட்டுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பயத்தில் பாதிக்குப் பாதி தமிழ் வந்து விழுந்தது.

“மீக்கு இல்லு உந்தா?” என்று கேட்டார் அம்மாள். வீடு இருக்கிறதா என்று அர்த்தம்.

“இல்லே மேடம்.”

தெலுங்கில் ‘இல்லு’ என்றால் வீடு. ‘இல்லே’ என்றால் வீடேதான். அம்மாள் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

“எக்கட?” எங்கே என்றார்.

“எக்கடா இல்லே மேடம்!” எங்கேயும் இல்லை என்று சொல்ல நினைத்தார்.

அம்மாள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். எங்கு பார்த்தாலும் வீடு வைத்திருக்கும் மனிதர் ரப்பர் செருப்போடு வந்திருக்கிறார். “என்னி?” என்றார், எத்தனை என்று.

“ஒகட்டி கூட இல்லே மேடம்! தாயார் சத்தியமா இல்லே!” ஒன்றுகூட இல்லையாம்.

நான் குறுக்கிட்டு விளக்கினேன். அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்ட பெருமையில் பர்மனென்ட்டும் சிரித்தார். கடன் கிடைத்தே விட்டது போல இருந்தது.

பிறகு அம்மாள் அடுத்த கட்டத்துக்கு வந்தார். “உத்யோகம் பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?”

“காண்ட்ராக்டு” என்றார் பர்மனென்ட்டு. யாருடைய குரலோ போல இருந்தது.

அம்மாள் தாளைத் தள்ளி வைத்தார். சொந்தத் தொழில் என்றால் மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு வேண்டுமாம். வேலையில் இருந்தபோதே வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமாம். அவருக்கே வருத்தமாக இருந்தது. “மீக்கு எவரூ செப்பலேதா?” யாருமே உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

பர்மனென்ட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் தோளைத் தொட்டுக் காட்டினார். “எவரூ சொல்லலியான்னா இன்னா அர்த்தம் மேடம்? எங்க சாரைக் கேட்டுக்கினுதான் எல்லாம் செஞ்சேன். இவுரு எம்மே!”

நான் மேசைக் கண்ணாடியின் கீழே இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். எனக்குப் பணி நீட்டிப்பு வந்தது. மூன்று வருஷம் கழித்து, கணக்கெல்லாம் காட்டி, அவர் சித்தூருக்கும் திருச்சானூருக்கும் நடுவே புத்தலப்பட்டில் ஒரு வீடு வாங்கினார். அதற்குள் விலை ஏறிவிட்டதால், கையிருப்புக்கு அதுதான் எட்டியது. கிரகப்பிரவேசத்தன்று அவர் மனைவி எனக்கு இலை போட்டுவிட்டு, “முன்ன மாதிரி இல்ல சார், இப்போ பஸ்ஸு கொஞ்ச நேரந்தான். உக்கார எடங்கூட கெடைக்குது” என்றார். நான் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த அம்மா பஸ்ஸில்தான் போய் வருகிறார்.

இத்தனைக்குப் பிறகும் பர்மனென்ட்டு மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வருகிறார். கேட்காமலே பிரிட்ஜைத் திறந்து பார்க்கிறார். காபி குடித்துவிட்டு, “பத்திரிகையில இன்னா எழுதிக்கினு இருக்கற சார்?” என்று கேட்கிறார்.

நான் துணிச்சலாக இதையெல்லாம் எழுதிவிட்டேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்த் தமிழர்கள் பலரைப் போல அவரும் படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் பேசுவார். ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அவருக்கு மட்டும் சொல்லாமல் இருக்க எனக்கு வசதியான வழி இது.

அதனால் இதழ் வந்ததும் புத்தலப்பட்டுக்குப் பஸ் ஏறப் போகிறேன். அவரையும் அந்த அம்மாவையும் எதிரில் உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் நானே படித்துக் காட்டப் போகிறேன். வெளியே போ என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாரே என்றுதான் பயமாக இருக்கிறது.