முதலில் பழையது

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வீட்டில் பீட்சா செய்யும் இனம். செய்து சாப்பிடுகிறவர்கள் வேறு. அவர்கள் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. நான் சொல்வது, செய்து, ஆற வைத்து, பொட்டலம் கட்டி, தேதி எழுதி, ஃப்ரீசருக்குள் அடுக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறவர்களை. உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது இப்படி இருப்பார். இல்லை என்கிறீர்களா? அவர் இன்னும் உங்களிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் கடையில் உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் வந்து, "இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்பார்கள். நீங்கள் சொன்னதும், உங்கள் வீட்டில் துக்கம் நடந்துவிட்டதுபோல் சற்று நேரம் தலைகுனிந்து நிற்பார்கள். பிறகு, "இதே காசுல வீட்டுல நாலு போட்டிருக்கலாம்" என்று ஆறுதல் சொல்வார்கள். அதற்குப் பிறகு வாயில் இருக்கும் துண்டு தொண்டையில் இறங்குமா?

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனத்தில் கலப்படமில்லாத ரகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. மயிரிழை விலகினாலும் பொறுக்க மாட்டார். அந்தக் கை ஞாயிற்றுக்கிழமை பீட்சா மாவுக்கு வந்துவிடும். சனிக்கிழமை மாலையே ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டுப் பிசைந்து குளிர்பெட்டியில் உறங்க வைத்த மாவு, சந்தை மூடுகிற நேரத்தில் போய் அள்ளி வந்த அடிபட்ட தக்காளியைக் காய்ச்சிய சாறு, "துருவினதை வாங்கினா துருவுற கூலியையும் நம்ம தலையில கட்டிடுவான்" என்று கட்டியாக வாங்கி வந்து தன் கையாலேயே துருவிய சீஸ், எங்கோ வீடு கட்டும் இடத்தில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிக் கழுவி ஓவனுக்குள் பீட்சா சுடும் கல்லுக்குப் பதிலாகப் போட்ட பூச்சில்லாத தரை டைல் என்று எல்லாம் தயாராக இருக்கும். ஓவனைச் சூடாக்கியது வீணாகக் கூடாது என்பதால் ஒரே மூச்சில் எட்டு பீட்சா. அந்த வாசனை சுவர் ஏறிக் குதித்து எங்கள் வீட்டுக்கு வரும்.

நானும் வெகுநாள் பொறாமைப்பட்டேன். கொடுத்து வைத்த குடும்பம் என்று நினைத்தேன். ஆனால் அந்த எட்டில் ஒன்றைக்கூட யாரும் தொட முடியாது. எல்லாம் முக்கால் வேக்காட்டில் வெளியே வந்துவிடும். ஆறியதும் தட்டில் பரப்பி உறைய வைத்து, மெல்லிய தாளில் ஒருமுறை, அலுமினியத் தாளில் ஒருமுறை சுற்றி, லென்ஸில் குறியிடும் பேனாவால் தேதியும் எண்ணும் எழுதி, வரிசையின் கடைசியில் வைத்துவிடுவார். பிறகு வரிசையின் முதலில் இருக்கும் ஐந்து வாரப் பொட்டலத்தை எடுப்பார். அடிகனமான வாணலி, சின்னத் தீ, ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர், மேலே மூடி. நியாயமாகச் சொல்ல வேண்டும், நன்றாகவே சூடு பண்ணுவார். அடி மொறுமொறுவென்று இருக்கும். ஆனாலும் சூடு பண்ணிய பீட்சா சூடு பண்ணிய பீட்சாதானே?

வீட்டில் யாரும் கேட்கவில்லையா என்பீர்கள். மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

"அப்பா, இப்ப செஞ்சதையே சாப்பிடலாமே?"

"அப்ப பழசு?"

"அதை நாளைக்கு."

"நாளைக்கு அது இன்னும் பழசாயிடுமே, கண்ணு."

இதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்களாலேயே பதில் சொல்ல முடியாது. குழந்தை என்ன செய்யும்? அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினொன்று.

மனைவியும் சொல்லிப் பார்த்தார். ஃப்ரீசரில் ஐஸ் வைக்கக்கூட இடமில்லை என்றார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி முழங்காலில் அடி. ஒத்தடத்துக்கு ஐஸ் இல்லாமல், பன்னிரண்டாம் தேதியிட்ட நான்காம் எண் பீட்சாவை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை விட்டு வந்த கணவர் பதறிப்போய் ஓடி வந்து, காலைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டு, அதே மூச்சில், "வச்சு முடிச்சதும் அதே இடத்துல வச்சிடும்மா, வரிசை மாறிடும்" என்றார். அந்த அம்மா அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இப்படியே போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்து சேர்ந்தார்.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். காரணம் சொல்கிற முகங்களை நாள் முழுக்கப் பார்த்தவர். அன்று நானும் அங்கே இருந்தேன். என் மூக்குக்கண்ணாடியின் திருகு விழுந்துவிட்டது. அதைப் போட்டுத் தரச் சொல்லி, சமையலறை மேஜையோரம் உட்கார்ந்திருந்தேன். ஓவனில் முதல் பீட்சா. அவர் கைத்துணியோடு எடுக்கப் போனார். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"ஏன்டா, மேல நிறமே வரல. அதுக்குள்ள எடுக்குற?"

"முக்கால்தான்க்கா வேகணும். மீதி சூடு பண்றப்ப வெந்துடும்."

"எப்ப சூடு பண்ணுவ?"

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். "அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி வாக்குல."

"நான் இன்னிக்கு சாயங்காலம் வண்டி ஏறணும்."

"உனக்குத்தான் தனியா எடுத்து வச்சிருக்கேனே." மேஜைமேல் இருந்த பொட்டலத்தைக் காட்டினார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல பயணிகள் அந்தப் பார்வையைப் பார்த்து வியர்த்திருப்பார்கள்.

"அஞ்சு வாரம் ஆச்சே."

"கெட்டுப்போகாதுக்கா. உறைய வச்சா ஒண்ணும் ஆகாது."

"கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? இந்த வீட்டுல சுடச்சுட எப்ப சாப்பிட்டீங்கன்னு கேக்குறேன்."

மனைவி மேஜை துடைப்பதை நிறுத்தினார். "நாலு வருஷமா இல்லை, அண்ணி" என்றார் மெதுவாக.

பக்கத்து வீட்டுக்காரர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னோமே."

அக்கா ஓவனை விட்டு நகரவில்லை. இன்னும் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் தம்பி கைத்துணியைப் பிசைந்துகொண்டு, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர்போல் நின்றார். உள்ளே சீஸ் கொப்புளம் விட்டு, அங்கங்கே பழுப்பேறி, ஓரம் உப்பி எழுந்தது. அக்காவே எடுத்து, அக்காவே வெட்டி, முதல் துண்டை மகளிடம் கொடுத்தார். அவள் ஊதக்கூட இல்லை. கடித்தாள். மென்றாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இதை நீங்களா செஞ்சீங்க?"

பாராட்டுத்தான். ஆனால் அவர் முகம் போன போக்கை நான் கண்ணாடி இல்லாமலே பார்த்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். இன்னொன்று எடுத்தார். இரண்டாவது பீட்சாவை அவரே உள்ளே வைத்து, மணி அடித்தும் எடுக்காமல், நிறம் வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஐந்து பேருமாக ஐந்து பீட்சாவை முடித்தோம். என் பங்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார் மனைவியிடம். மனைவிக்குக் கண் கலங்கியது. எனக்குமே என்னவோ செய்தது. அப்போது அவர் பார்வை மீதியிருந்த மூன்றின்மேல் போய் நின்றது.

"இதையும் இதே பதத்துக்கு முழுசா வேக வச்சு, ஃப்ரீசர்ல வச்சா எப்படி இருக்கும்?"

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனாலும் மாற்றம் வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் இரண்டு சுடச்சுட, வீட்டார் வயிற்றுக்கு. மீதி ஆறு வழக்கம்போல் வரிசைக்கு. மகள்தான் பேரம் பேசி வாங்கினாள். மூன்று கேட்டு இரண்டில் படிந்தது. மனைவி ஒரு தட்டு அகலத்துக்கு ஐஸ் வைக்க இடம் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். நீங்கள் பீட்சா செய்வதில்லை. நீங்கள் அந்த இனமே இல்லை. நல்லது. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் அலமாரியைத் திறங்கள். மூன்று வருடத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கி, ஒரு நல்ல நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சட்டையை எடுங்கள். போட்டுப் பாருங்கள். பொத்தான் எட்டவில்லையா?

அதைத்தான் சொல்ல வந்தேன்.