மனைவியைக் கேட்காத மாவீரர்

"சாவி இல்லை" என்று நான்காம் முறையாகக் கைவிரித்தது கறுப்புத் திரை.

சாப்பாட்டு மேஜையில் திறந்து கிடந்த மடிக்கணினியின் முன் பொறியாளர் வியர்த்து நின்றார். பத்து மணிக்கு இயக்குநருக்குக் காணொளி அழைப்பில் நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் குழுத்தலைவர் பதவி. ஓடாவிட்டால் ஊரறிந்த அவமானம்.

"நேத்துதானே சாவிய எழுதி வெச்சேன், எங்க போச்சு?"

"என் பொண்ணும் அதே ஆபீஸ்ல இதே புரோகிராம்லதானே வேலை பாக்கறா மாப்ள? ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றார் சோபாவிலிருந்த மாமனார்.

"இதுக்கெல்லாமா மாமா அவளைக் கேப்பாங்க?"

ஆணாய்ப் பிறந்ததையே அறிவின் பட்டயமாக நெஞ்சில் குத்திக்கொண்டவர், கட்டியவளிடம் ஐயம் கேட்பாரா? நிரல் தேடும் இரகசியச் சாவியை அந்தக் கறுப்புச் சாளரத்தின் நினைவில் 'சூழல் மாறி' என்ற குறிப்பாகத் தட்டினார். ஓடியது!

இயக்குநர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டுமென்று, பெரிய எழுத்தில் இன்னொரு சாளரம் திறந்தார். மீண்டும் "சாவி இல்லை". ஒரு சாளரத்தில் சொன்னது அடுத்ததன் காதில் விழாது.

"முதல்லயே ஓடுச்சே, அதையே காட்டிட்டுப் போங்களேன்."

"சும்மா இருங்க மாமா. நிரந்தரமாவே எழுதிடறேன்."

ஒவ்வொரு சாளரமும் திறந்தவுடன் படிக்கும் கோப்பில் சாவியை எழுதினார். அத்தோடு விட்டாரா? கட்டளைகள் குடியிருக்கும் இடங்களைச் சொல்லும் 'பாத்' என்ற மாறியிலும் கைவைத்தார். பழைய வழிகளோடு புதியதைச் சேர்க்க வேண்டியவர், பழையவற்றைத் துடைத்துவிட்டுப் புதியதை மட்டும் எழுதினார். புதுச் சாளரம் திறந்தது. எந்தக் கட்டளையை இட்டாலும் "தெரியாது" என்றது.

"என்னவாம் மாப்ள?"

"எதுவுமே தெரியாதுங்குது."

"பரவால்லையே! தெரியாததத் தெரியாதுன்னு ஒத்துக்குதே!"

சினம் தலைக்கேற, எல்லாச் சாளரங்களையும் மூடினார். சுயநினைவோடு இருந்த அந்த முதல் சாளரத்தையும் சேர்த்தே மூடினார். கணினியை அணைத்து எழுப்பினார். எழுந்தது, அவருடைய கடவுச்சொல்லையே ஏற்க மறுத்தது.

"ஐயோ, அதையும் கெடுத்துட்டேனா!" தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மணி பத்தைத் தாண்டியது.

மாமனாரின் கைபேசி அலறியது. மகளின் குரல் கூடமெங்கும் ஒலித்தது:

"அப்பா, காலையில அவசரத்துல அவரோட லேப்டாப்பத் தூக்கிட்டு வந்துட்டேன், டைரக்டர் இங்கயே பார்த்துட்டாரு, ஜம்முனு ஓடுச்சுன்னு சொல்லிடுங்க, அப்புறம் மேஜை மேல இருக்கற என்னோடத மட்டும் தொடவேணாம்னு சொல்லுங்க, அடுத்து நான்தான் காட்டணும், எடுக்க வந்துட்டே இருக்கேன்!"