செல்போன் காட்டிய அழுக்கு

"இதோட நாப்பது தடவை கழுவிட்ட—"

"எண்ணிக்கினு நிக்கற நேரத்துல தறியில உக்காரலாம் இல்ல?"

"ஒத்தையா உக்காந்து இன்னா பண்றது, சேலைக் கரை நெய்ய நீ வந்தாதானே—"

"வரேன்யா, இந்த ஒரு தடவை கழுவிக்கினு வரேன்."

பிள்ளையார்பாளையத்தில் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நெசவாளி விமல்ராஜுக்கும் அவன் மனைவி ஏலவார்குழலிக்கும், மனித குலத்தின் மகத்தான மருத்துவப் புரட்சி மறுநாளே ஸ்கூட்டரில் வந்து இறங்கப்போவது தெரியாது.

கழுவிக் கழுவிக் குழலியின் விரலெல்லாம் வெடித்திருந்தது. வெடித்த விரலில் பட்டு இழை மாட்டி அறுந்துபோகும். உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கோ தறியில் இரண்டு ஆள் வேண்டும். 'குணம்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலொழிய அவள் தறியின் பாவு நூலைத் தொடக்கூடாது என்று பட்டு கொடுக்கும் முதலாளி சொல்லிவிட்டார். தறி நின்று ஒரு மாதம்.

ஸ்கூட்டரில் வந்த புரட்சியாளர் சின்ன காஞ்சிபுரம் டாக்டர் ப்ரஹ்லாத். 2009-ல் ஊரில் வேறு எவரிடமும் இல்லாத புது மாதிரி செல்போன் அவரிடம் இருந்தது. அதன் கேமராவை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால், திரையில் அந்தக் கை முழுக்கச் சேறு வழியும், புழு நெளியும். அதைப் பார்த்துக்கொண்டே கழுவாமல் உட்கார்ந்திருப்பதுதான் 'சிகிச்சை'.

"அழுக்கு நிஜமில்லம்மா. உன் மனசு காட்டறது."

"மனசு இல்ல சார், உங்க போன் காட்டுது."

இந்த அரிய உண்மையை டாக்டர் 'நோயாளியின் ஒத்துழையாமை' என்று குறித்துக்கொண்டார்.

முதல் நாள் குழலி குழாயடிக்கு ஓடினாள். பிறகு முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு வாரத்தில் கை ஆறியது. உடனே பாராட்டுக் கூட்டம், மாலை, மைக். தீட்டு என்பது வெறும் மூளைக் கோளாறு, அதைத் தன் செல்போன் ஒழித்துவிட்டது என்று டாக்டர் முக்கால் மணி நேரம் முழங்கினார். நம்பாதவர்கள்கூடச் சுண்டலுக்காக நம்பினார்கள்.

சான்றிதழில் கையெழுத்து மட்டும் பாக்கி. டாக்டரின் பேனா எழுதவில்லை. குழலி தன் பேனாவை நீட்டினாள். விஞ்ஞானத்தின் கை சட்டென்று பின்வாங்கியது.

"மேஜை மேல வெச்சுடும்மா, நான் எடுத்துக்கறேன்."

வைத்தாள். அவர் கைக்குட்டையால் பேனாவை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார். பிறகுதான் மூடியைத் திறந்தார். கேட்டுக் கெடுத்துவிடாதே என்று விமல்ராஜ் அவள் காலை மிதித்தான். தறி அந்தக் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கையெழுத்துப் போடுவதற்குள் குழலி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போன்ல தெரிஞ்ச அழுக்கு பொய்னு சொன்னீங்க சார், நம்பினேன். போனே இல்லாம என் கையில நீங்க இப்ப இன்னா பாத்தீங்க?"