அப்பாவை முப்பரிமாணத்தில் காட்டிய கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. அந்த வியாதி எனக்கு. அதனால் சாகப் பார்த்தவர் என் அப்பா.

திண்டிவனத்தில் ஒரு மருத்துவ அறக்கட்டளையில் எனக்குக் கணினி வேலை. முப்பரிமாணத்தில் புள்ளிகளைக் காட்டும் மென்பொருள் ஒன்றை அப்போதுதான் பழகியிருந்தேன். ஆளுக்கு ஒரு புள்ளி. நீளத்தில் வயது, அகலத்தில் சர்க்கரை அளவு, உயரத்தில் சோதனைக்கு முந்தின நாள் கடைசியாகச் சாப்பிட்ட நேரம். மவுஸைப் பிடித்து இழுத்தால் புள்ளிக்கூட்டமே சுழலும். (வேலைக்கு அவ்வளவு சுழற்றல் தேவையில்லை. டீ குடிக்கும்போதுகூடச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.)

எங்கள் ஊர் மேல்சித்தாமூர் பக்கம். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூடாது என்ற நியமத்தில் அப்பா தன்யகுமார் படு கறார். விருந்து வீட்டிலும் இருட்டிவிட்டால் இலையை விட்டு எழுந்துவிடுவார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதையில் பாதி அதனால் வந்தது. அந்த ஊரில் எங்கள் அறக்கட்டளை சர்க்கரை முகாம் நடத்தியது. முடிவுகளை விளக்க ஆள் வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கினேன்.

மண்டபம் நிறைய ஜனம். அப்பா முன்வரிசையில், மகன் பேசப்போகிற பெருமையில், சலவைச் சட்டையோடு. திரையில் புள்ளிக்கூட்டத்தைச் சுழற்றினேன். புள்ளிகள் அநேகமாக எல்லாம் ஆறு மணிக்குக் கீழே அடக்கமாகப் படுத்திருந்தன. "நம்ம ஊரு கட்டுப்பாட்டைப் பாருங்க!" என்றேன். கைதட்டினார்கள்.

எதிர்வீட்டுத் தரணேந்திரன் மாமா எழுந்தார். "இன்னாப்பா, மேல ஒண்ணு மட்டும் தனியா தொங்கிக்கினு இருக்குதே, அது யாரு?"

"அதையும் பாத்துடலாம் மாமா."

பெயர்களை நீக்கிவிட்டுக் காட்டச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். (நீக்கினால், புள்ளியைத் தொட்டதும் பெயரோடு விவரப் பெட்டி விரிகிற அழகு போய்விடுமே!) அந்தப் புள்ளியை நானே அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டேன். பெட்டி விரிந்தது. தன்யகுமார், வயது 63. கடைசி உணவு, இரவு 8.15.

யாரோ சிரித்தார்கள். பதற்றத்தில் எதையோ அழுத்தினேன். அப்பாவின் பெயர் சுவரளவுக்குப் பெரிதாகி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. (நிறுத்த நான் பழகியிருக்கவில்லை.) அப்பா வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அவர் பேசியது இவ்வளவுதான்: "முகாம்ல அந்த நர்ஸம்மா, 'நெசத்தைச் சொல்லுங்க, யாருக்கும் தெரியாது'ன்னாங்க. சொன்னேன்."

மீதியை அம்மா சொன்னார். சாயங்காலம் இன்சுலின் போட்டால் எட்டு மணிக்குச் சர்க்கரை இறங்கி அப்பாவுக்கு வேர்த்து நடுங்குமாம். மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டு வருவாராம். இரண்டு வருஷமாக. நான் அதே வீட்டில்தான் இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஊசியைப் போட்டுக்கொண்டார். பழத்தைத் தொடவில்லை. அம்மா கெஞ்சினார்.

"ஊரே பாத்துக்கினு இருக்குது. எடுத்துக்கினு போ அந்தாண்ட."

எட்டு மணிக்குக் குழாயடியில் விழுந்து கிடந்தார். திண்டிவனம் ஆஸ்பத்திரி வரை காரில் அவர் தலை என் மடியில் இருந்தது. "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். கண் திறக்கவில்லை. பெற்ற அப்பனைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

குளுக்கோஸ் ஏறியபின் கண் திறந்தார். "சாப்பிடுற நேரத்துக்கு ஏத்த மாதிரி ஊசியை மாத்தியிருப்பேனே, ஏங்க சொல்லலை?" என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கடிந்துகொண்டார். அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊசி மாறியது. இப்போது இருட்டியபின் அவருக்கு நடுக்கம் வருவதில்லை. வீட்டில் இது சிரிப்புக் கதையாகவும் ஆகிவிட்டது. மாதாமாதம் டாக்டர், "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் அப்பா என்னைக் கைகாட்டுவார்.

"என் பையனைக் கேளுங்க டாக்டர். சுத்திச் சுத்திக் காட்டுவான்."

டாக்டர் சிரிப்பார். அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். பிறகு அப்பா கதவைப் பார்ப்பார். நான் வெளியே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பதில் சொல்வார்.