துளிச்சாமி சுற்றிய எரிமலை

பினாங்கில் வேர்வையைப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த மனிதர் துளிச்சாமி ஒருவர்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சோதனைச்சாலையில் அவர் உதவியாளர். நான் புட்டி கழுவுகிறவன். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும்.

சோதனைத் தண்ணீரில் வேற்றுத் துளி ஒன்று விழுந்தாலும் எல்லாம் கெட்டது என்பார். அதனால் வாயில் துணி, நெற்றியில் துண்டு. தும்மல் வந்தால் நாங்கள் வாசலுக்கு ஓட வேண்டும். ஒருநாள் எங்கள் மேலதிகாரி, வெள்ளைக்காரத் துரைக்கே தும்மல் வந்தது. துளிச்சாமி வாசலைக் காட்டினார். துரையும் போனார்.

அப்படிப்பட்டவர் கையில் சுமத்ராவிலிருந்து வந்த எரிமலைக் கல் ஒன்று சிக்கியது. தேன்கூடு மாதிரி உடம்பெல்லாம் பொத்தல். மெழுகால் அடைத்த தகர டப்பாவில் ஈரம் காயாமல் வந்திருந்தது. பொத்தல்களுக்குள் இருக்கும் தண்ணீரில் என்னென்ன உப்பு என்று துரைக்குத் தெரிய வேண்டும். சாயங்காலத்துக்குள் எடுக்காவிட்டால் கல்லைச் சிங்கப்பூர்ச் சோதனைச்சாலைக்குக் கப்பலில் ஏற்றிவிடுவேன் என்றார்.

துளிச்சாமிக்குப் பெற்ற பெண்ணைக் கண்காணாத இடத்தில் கொடுப்பது போலாகிவிட்டது. "அங்க ஜன்னலத் தொறந்து வச்சிக்கிட்டு வேல பாக்குறானுங்க, தம்பி," என்றார்.

கல்லில் ஒரு துண்டை உடைத்து, திருகு போட்ட இரும்புப் பலகைகளுக்கு நடுவே நெருக்கினார். கல் மாவானது, மாவே தண்ணீரைக் குடித்துவிட்டது. பம்பு வைத்து உறிஞ்சிப் பார்த்தார். பம்புக்குத்தான் மூச்சு வாங்கியது. மத்தியானம் குமாஸ்தாவின் சைக்கிளைக் கேட்காமலே தூக்கி வந்து தலைகீழாக நிறுத்தினார். கண்ணாடிக் குழாய்க்குள் சல்லடை, அதன்மேல் ஒரு துண்டுக் கல். குழாயைப் பின்சக்கரத்தில் கட்டி, மிதியை என்னைக் கையால் சுற்றச் சொன்னார். சுழலும் வேகத்தில் தண்ணீர் கல்லை விட்டு ஓடிவந்துவிடுமாம்.

சுற்றினேன். சக்கரம் சீறியது. மூடிய ஜன்னல் கண்ணாடியில் ரிக்‌ஷாக்காரர்களின் மூக்குகள் வரிசையாக அப்பியிருந்தன. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ, "இன்னும் வேகமா லா," என்று பினாங்குப் பேச்சில் கத்திக்கொண்டு என்னைச் சுற்றிக் குதித்தார்.

நிறுத்திப் பார்த்தால் குழாயின் அடியில் தண்ணீர்! கொஞ்சம்தான், ஆனால் தண்ணீர். துளிச்சாமி அடைப்பை எடுத்துக் குனிந்து பார்த்தார். பார்த்ததும் அழுதுவிட்டார். சொட்டென்று ஒன்று உள்ளே விழுந்தது.

நெற்றிக்குத் துண்டு கட்டியவர் கண்ணுக்கு ஒன்றும் கட்டவில்லை.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. நேரே துரையிடம் போய், எரிமலைத் தண்ணீரில் தன் கண்ணீர் கலந்துவிட்டது என்றார். துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கப்பலுக்கு நேரம் இருந்தது. கல்லிலும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

குழாயைக் கழுவிக் காயவைத்து மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை துளிச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சக்கரம் நின்றது. குழாயின் அடியில் மினுங்கியதைப் புட்டியில் விட்டு அடைத்தேன்.

"வந்துச்சா தம்பி?" குரல் அதற்குள் நடுங்கியது.

"வந்துருச்சு அண்ணே. மூடிட்டேன். இப்ப நல்லா அழுங்க."